காலையில் மட்டும் சிக்கும் பிஸ்டல்

இதை யாரிடமும் காட்டாதே. உன் அப்பாவிடமும் காட்டாதே, அவர் யாராக இருந்தாலும் சரி. கையைப் பிடித்துக் கேட்கலாம் என்றால் உனக்கு இன்னும் கை இல்லை. நீ பிறக்கவே இல்லை. எனக்குப் பதினாறு முடிந்து மூன்று மாதம் ஆகிறது, பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறேன். மகளுக்குக் கடிதம் எழுதுகிற வயது இதில்லை என்று எனக்கே தெரியும். ஆனால் நான் சொல்ல வேண்டியதைக் கேட்கக்கூடியவர்கள் எல்லோரும் இந்த விஷயத்துக்கு உள்ளேயே இருக்கிறார்கள். வெளியே இருப்பது நீ ஒருத்திதான். நீ வளர்ந்து, வேலைக்கோ வேறு வீட்டுக்கோ பெட்டி கட்டுகிற நாளில் இதை உன்னிடம் கொடுப்பேன். அதுவரை என் இயற்பியல் ரெக்கார்டு நோட்டின் அட்டைக்குள் இருக்கட்டும். அம்மாவுக்கு இன்று ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி. அப்பா படுக்கப் போகுமுன் வீடு முழுக்கத் தாழ்ப்பாள் பார்த்துக்கொண்டு வருவார். என் கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் கையிலிருக்கும் சாவிக்கொத்தால் இரண்டு தட்டுத் தட்டுவார். நான் விளக்கை அணைத்துவிடுவேன். நாங்கள் இரவில் பேசிக்கொள்வது அவ்வளவுதான்.

உன் தாத்தா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மேலகரம் தாண்டிக் குற்றாலம் போகிற வழியில் மலையடியில் ஒரு ரைஃபிள் கிளப் இருக்கிறது. அதன் ரேஞ்ச் பொறுப்பு அவருடையது, ஆயுத அறைச் சாவியும் அவரிடம்தான். நான் பன்னிரண்டு வயதிலிருந்து அங்கே சுடுகிறேன். முதல் வருடம் காற்றுத் துப்பாக்கி. ஒருநாள் அது கையில் இருக்கும்போதே, "அப்பா, பத்துல பட்டுட்டு!" என்று அவர் பக்கம் திரும்பிவிட்டேன். அதில் குண்டு இல்லை. இருந்தாலும் திரும்பியது திரும்பியதுதான். அவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். அதன் பிறகு இருபத்து மூன்று நாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டுக்கு உட்காரும்போது அம்மாவைப் பார்த்து, "அவளுக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பார். நான் எதிரில்தான் இருப்பேன். நீ பிறந்த பிறகு, எவ்வளவு கோபம் வந்தாலும் உன்னிடம் பேசாமல் மட்டும் இருக்க மாட்டேன். திட்டிவிடுவேன். இந்தக் கடிதத்தில் நான் நிச்சயமாகக் கொடுக்கக்கூடிய வாக்கு அது ஒன்றுதான்.

கிளப்பில் பெண்களுக்குப் பாயிண்ட் டூ டூ பிஸ்டல் ஒன்றுதான் உண்டு. அதை நானும் ஜெனிட்டாவும் மாற்றி மாற்றிச் சுடுவோம். ஜெனிட்டா என் வகுப்பு, தென்காசியில் அவள் அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. பிஸ்டலைப் பார்த்துக்கொள்வது இசக்கியண்ணன். போலீஸ் ஆயுதக் கிடங்கில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு எங்கள் கிளப்புக்கு வந்தவர், அப்பாவைவிடப் பத்து வயது இளையவர். சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் பிஸ்டலைக் கழற்றித் துடைத்து, குண்டு அடுக்கும் மேகசினின் ஸ்பிரிங்குக்கும், முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடுக்கும் எண்ணெய் விட்டு, கையொப்பம் போட்டு அப்பாவிடம் ஒப்படைப்பார். நானும் கூட உட்கார்ந்து துணி பிடிப்பேன்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, நல்ல மழை. எண்ணெய் விட்டு முடித்து, இசக்கியண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். என் முழங்கை பட்டு எண்ணெய்க் குப்பி சாய்ந்தது. நீள மூக்கு வைத்த தகரக் குப்பி அது, மூடி சரியாகப் போடாமல் இருந்திருக்கிறது. முழுவதும் சிமெண்டுத் தரையில் ஓடிவிட்டது. அப்பா எங்கெங்கோ எழுதிப் போட்டு வரவழைத்த எண்ணெய் அது. எனக்கு அந்த இருபத்து மூன்று நாள்தான் ஞாபகம் வந்தது. சாக்கை வைத்துத் தரையைத் துடைத்தேன். குப்பியைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுக்களையில் இருந்த தேங்காய் எண்ணெயை ஊற்றி நிரப்பி, மறுநாள் காலையில் அதே இடத்தில் வைத்தேன். எங்கள் வீட்டில் கதவுக் கீலுக்கும், பூட்டுக்கும், அம்மாவின் தையல் மிஷினுக்கும் தேங்காய் எண்ணெய்தான் விடுவோம். எல்லாம் நன்றாகத்தானே ஓடுகிறது என்று நினைத்தேன். கெட்ட எண்ணமாகத் தோன்றவே இல்லை. அதை நீ நம்ப வேண்டும்.

கார்த்திகை முழுக்க ஒன்றும் ஆகவில்லை. ஜெனிட்டா ஒருநாள் பிஸ்டலை எடுத்தவள் மூக்கைச் சுளித்தாள். "என்னண்ணே, பிஸ்டல் எங்க சித்தி சடை மாதிரி மணக்கு?"

"அது எந்தலைட்டி," என்றார் இசக்கியண்ணன். "இன்னைக்கு அரைக்கிண்ணம் வச்சிட்டா எம்பொண்டாட்டி. குனிஞ்சா சொட்டும்."

ஜெனிட்டா சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது சொல்லியிருந்தால் அது ஒரு வேடிக்கையாகவே முடிந்திருக்கும்.

மார்கழி பிறந்ததும் பிஸ்டல் சிக்கத் தொடங்கியது. எப்படிச் சிக்கும் என்று உனக்குச் சொல்கிறேன், தெரிந்துகொள். மேகசினில் ஐந்து குண்டு இருக்கும். ஒன்று சுட்டதும் ஸ்லைடு பின்னால் போய்க் காலிக் கூட்டை வெளியே எறியும். அந்த நேரத்துக்குள் மேகசினில் இருக்கிற ஸ்பிரிங் அடுத்த குண்டை மேலே தள்ள வேண்டும். ஸ்லைடு திரும்ப முன்னால் வரும்போது அந்தக் குண்டைத் தள்ளிக்கொண்டுபோய்க் குழலுக்குள் சேர்க்கும். எல்லாம் கண் இமைக்கும் நேரம். குண்டு ஏறத் தாமதித்தால் அதன் மூக்கு குழல் வாயின் கீழே இடித்து நிற்கும். ஈயம் மிருது, நசுங்கிவிடும். பாயிண்ட் டூ டூ குண்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அதன் அடியில் சுற்றிலும் மெல்லிய விளிம்பு இருக்கும், ஊசி அந்த விளிம்பில் அடித்தால்தான் வெடிக்கும். மேகசினில் அடுக்கும்போது மேல் குண்டின் விளிம்பு கீழ்க் குண்டின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு இரண்டும் நகராது. அதனால் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் அடுக்கு. சிக்கிவிட்டால் எட்டிப் பார்க்காதே, திரும்பாதே, குலுக்காதே. வாய் குறியைப் பார்த்தபடியே இருக்கட்டும். விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு, காலியாக இருக்கிற கையைத் தூக்கி நில். அதிகாரி வருகிறவரைக்கும் அப்படியே நில். எங்கள் ரேஞ்சில் அதுதான் முதல் பாடம். என் பாடம் கெட்டது ரேஞ்சுக்கு வெளியேதான்.

இசக்கியண்ணன் எல்லாவற்றையும் முறையாகத்தான் பார்த்தார். முதலில் குண்டுப் பெட்டியை மாற்றினார். பிறகு இரண்டு மேகசினுக்கும் மார்க்கரால் ஒன்று, இரண்டு என்று எழுதி எது சிக்குகிறது என்று குறித்து வந்தார். இரண்டும் சிக்கின. மேகசின் வாயின் உதடுகள் விரிந்திருக்கிறதா என்று அளந்தார். குழல் வாயில் படிந்த மெழுகையும் கரியையும் பிரஷ் போட்டு எடுத்தார். ஸ்பிரிங்கை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் எல்லாம் முடித்த பிறகு, அந்தக் குப்பியை எடுத்து எண்ணெய் விட்டார். அவர் எவ்வளவு அக்கறையாகப் பார்த்தாரோ அவ்வளவு மோசமானது. ஆனால் வேலை முடித்து அவர் சுட்டுப் பார்க்கும்போது மணி பதினொன்றாகிவிடும். தகரக் கூரை காய்ந்து ரேஞ்ச் முழுக்க வெக்கை அடிக்கும். பிஸ்டல் ஐந்தையும் மளமளவென்று சுடும்.

"இது பிஸ்டல் இல்லட்டி, மாமியா," என்றார் இசக்கியண்ணன். "காலைல மொறைக்கா, பத்து மணிக்கு மேல கொஞ்சுதா."

அதற்குப் பிறகு ஜெனிட்டா வந்ததுமே, "ஏட்டி, மாமியா எந்திரிச்சாச்சா?" என்று கேட்பாள். இதைச் சொல்லி நாங்கள் மூன்று பேரும் எத்தனை நாள் சிரித்தோம். பதில் அந்த வேடிக்கைக்குள்ளேயே இருந்தது. என்ன கெட்டது, எங்கே கெட்டது என்று எல்லாம் கேட்டோம். எப்போது கெடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. உனக்கு எந்தப் பொருள் கெட்டாலும், எந்த மனிதர் கெட்டாலும், முதலில் அதைக் கேள். அடுத்தது, கெடத் தொடங்குவதற்கு முன்னால் என்ன மாறியது என்று கேள். மாற்றியது நீயாக இருந்தால் அந்தக் கேள்வி உன் வாயில் வராது. எனக்கு வரவில்லை.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ரேஞ்சிலேயே தேர்வு. மாநிலப் போட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்தான் போக முடியும். வெளியூரிலிருந்து நடுவர் வந்திருந்தார். ஒரே பிஸ்டல் என்பதால் சீட்டுப் போட்டார்கள். ஜெனிட்டாவுக்கு ஏழு மணிச் சுற்று, எனக்குப் பத்தரை. ஏழு மணிக்கு மலை தெரியவில்லை, பனி அப்படி. ஜெனிட்டா உள்ளங்கையை ஊதிக்கொண்டு, "மாமியாகிட்ட நல்ல வார்த்தை சொல்லுங்கண்ணே," என்றாள். இசக்கியண்ணன் பிஸ்டலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தார்.

முதல் பாதி நிதானமாகச் சுடுவது. ஐந்து குண்டுக்கு ஐந்து நிமிடம். அதில் இரண்டு தடவை சிக்கியது, நேரம் இருந்ததால் நடுவர் பார்த்த பிறகு அவளே எடுத்துவிட்டுச் சுட்டாள். இரண்டாம் பாதி வேகமாக. குறி மூன்று நொடி முகம் காட்டும், அதற்குள் ஒரு குண்டு, அப்படி ஐந்து குண்டு ஒரு வரிசை. மூன்றாவது வரிசையில் சிக்கியது. பிஸ்டலை முன்னாலேயே பிடித்துக்கொண்டு இடது கையைத் தூக்கினாள். நடுவர் வந்து பார்த்து, அனுமதித்தார், மறுபடியும் சுட்டாள். இந்தப் பாதியில் அந்தச் சலுகை ஒரு தடவைதான். ஐந்தாவது வரிசையில் இரண்டு குண்டு போன பிறகு மறுபடியும் சிக்கியது. மறுபடியும் கையைத் தூக்கினாள். குறி மூன்று தடவை முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டது. மூன்று குண்டுக்கும் பூஜ்யம். எல்லாம் முடிகிற வரை அவள் கையை இறக்கவே இல்லை. பிஸ்டலும் இம்மி நகரவில்லை. கண்ணீர் மட்டும் கண்ணாடிக்குக் கீழே இறங்கியது.

பத்தரைக்கு நான் சுட்டேன். வெயில் வந்திருந்தது. ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் சுட்டதில்லை. மாநிலத்துக்கு என் பெயரைத்தான் எழுதினார்கள். அப்பா வந்து என் தோளில் கை வைத்து, "நல்லாச் சுட்டேம்மா," என்றார். நாலு வருடத்தில் அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வரும் வழியில் செங்கோட்டை ரோட்டில் பரோட்டா வாங்கித் தந்தார். நான் மூன்று தின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா டியூட்டி முடிந்து வந்து, தலைக்குக் குளிக்க நின்றுகொண்டிருந்தாள். என் கையில் ஒரு பாட்டிலைத் திணித்தாள். "இதக் கொஞ்சம் மாடி வெயில்ல வச்சிட்டு வாட்டி. இன்னும் கல்லு மாதிரி ஒறஞ்சு கெடக்கு, ஒரு சொட்டு எறங்க மாட்டேங்கு." தேங்காய் எண்ணெய். வெள்ளையாக, மெழுகு மாதிரி. ஒவ்வொரு மார்கழியிலும் தையிலும் பிறந்ததிலிருந்து நான் பார்ப்பதுதான். மாடியில் சுவர் மேல் வைத்தேன். ஓரத்தில் முதலில் தெளிந்தது, பிறகு நடுவில் இருந்த வெள்ளை சின்னதாகி மிதந்தது, பிறகு அதுவும் இல்லை. நான் முழுவதும் பார்த்துக்கொண்டே நின்றேன். பயம் வரும், அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையது இல்லாத மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது. இன்று ஐந்தாவது நாள்.

இந்த ஐந்து நாளில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கிளப் கமிட்டிக்கு வெளியூர் நடுவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார், ஆயுதப் பராமரிப்பில் அலட்சியம் என்று. நாளைக் காலை பத்து மணிக்குக் கமிட்டி கூடுகிறது. இசக்கியண்ணனை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள். அந்தத் தாளில் ரேஞ்ச் பொறுப்பாளர் என்று அப்பாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார். நேற்று மாலை இசக்கியண்ணன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருந்தார். உள்ளே வரவில்லை, வண்டியிலேயே ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார். அப்பா, "என்னதாம்லே செஞ்ச அத?" என்று கேட்டார்.

"எல்லாந்தான் பாத்தேன் அண்ணாச்சி. எனக்கு வெளங்கல," என்றார் இசக்கியண்ணன். "ஏங்கைதான பட்டுச்சு, நாந்தான் பொறுப்பு. வேற யாரைச் சொல்ல? அந்தப் பிள்ள கையத் தூக்கிட்டு நின்னுது பாத்தேளா, அதுதான் ஒறங்க விடமாட்டேங்குது." பிறகு ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்து, "ஏட்டி, மாநிலத்துக்குப் போறதுக்குள்ள ரெண்டு மேகசினையும் நாந்தான் தொடச்சுக் குடுப்பேன், என்ன?" என்று சிரித்தார். நாளைக்குப் பிறகு அவர் அங்கே இருக்கப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும்.

இன்று பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஜெனிட்டாவின் அப்பா கடைக்குப் போனேன். மெஷின் எண்ணெய் வாங்கி அந்தத் தகரக் குப்பியில் மாற்றி வைத்துவிட்டால் போதும், யாருக்கும் எப்போதும் தெரியாது. இதை நான் நன்றாக யோசித்துத்தான் போனேன், உன்னிடம் மறைக்க மாட்டேன். குப்பியை ஏற்கெனவே ரேஞ்சிலிருந்து பள்ளிப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். ஜெனிட்டாதான் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். இனிச் சுட வேண்டாம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டாராம்.

"மெஷின் எண்ணெயா? எதுக்குட்டி?"

"அம்மா தையல் மிஷினுக்கு."

"ஒங்க வீட்டுல தேங்கா எண்ணெல்லா விடுவீங்க?"

நான் சில்லறையை எண்ணினேன். அவள் ஒன்றும் நினைத்துக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டாள். பாட்டிலை எடுத்துத் தாளில் சுற்றினாள். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். சுடும்போது அவள் போடுகிற கண்ணாடி. "இத நீ கொண்டுட்டுப் போ. ஒன்னோடதுல கீறல் கெடக்குல்லா. நான் வச்சு என்ன செய்யப் போறேன், ஆணியா எண்ண?" என்றாள். வாங்கிக்கொண்டேன். நன்றி என்றுகூடச் சொன்னேன். ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்த பிறகுதான் பெட்டியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். வேறு யாருடைய கையோ மாதிரிப் பார்த்தேன்.

இப்போது என் மேசையில் மூன்று பொருள் இருக்கிறது. தகரக் குப்பி, மெஷின் எண்ணெய், ஜெனிட்டாவின் கண்ணாடி. குப்பியின் மூடியைத் திறந்து பார்த்தேன், உள்ளே வெள்ளையாக உறைந்திருக்கிறது. பென்சிலை விட்டால் நட்டபடி நிற்கிறது. இதை நான் காட்டினால் அப்பாவுக்கு ஒரு நொடியில் புரியும். அவர் என்னிடம் எத்தனை நாள் பேசாமல் இருப்பார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்து மூன்று எல்லாம் போதாது. மாநிலப் போட்டிக்கு நான் போக முடியாது, போகவும் கூடாது. ஜெனிட்டா என்னிடம் பேசுவாளா தெரியாது. அவளுடைய மூன்று குண்டும் திரும்பி வராது. இசக்கியண்ணன் மட்டும் நாளைக்கு மறுநாளும் மேகசினோ ஸ்லைடோ எதையாவது துடைத்துக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்திருக்கலாம். அவ்வளவுதான் மிச்சம். அதற்கும் நாளைப் பத்து மணி வரைக்கும்தான் நேரம்.

மகளே, உனக்கு நான் நல்ல அம்மாவாக இருப்பேனா தெரியாது. நீ எதையாவது கொட்டினால், உடைத்தால், சாயங்காலத்துக்குள் வந்து சொல். கொட்டியது பெரிதில்லை. நான் கொட்டியது ஒரு குப்பி எண்ணெய், அதற்கு அப்பா நாலு நாள் பேசாமல் இருந்திருப்பார். அதை மறைக்க ஊற்றி நிரப்பியதுதான் இவ்வளவையும் செய்தது. உனக்கு என்னைப் பார்த்தால் சொல்லப் பயமாக இருந்தால், அது என் தப்பு. அப்போது இந்தக் கடிதத்தை என் முன்னால் கொண்டுவந்து போடு. யாரிடமும் காட்டாதே என்றது மற்றவர்களுக்குத்தான். என்னிடம் காட்டலாம்.

அப்பா படுக்கப் போக எழுந்துவிட்டார். அடுக்களைத் தாழ்ப்பாளைப் பார்க்கிறார். இப்போது பின்கதவு. சாவிக்கொத்துச் சத்தம் கேட்கிறது. மெஷின் எண்ணெயை மட்டும் எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டேன். குப்பி மேசையிலேயே இருக்கிறது, மூடி திறந்தபடி. விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால் இளகிவிடும் என்று ஜன்னல் பக்கமாக நகர்த்தி வைத்திருக்கிறேன்.

தட்டிவிட்டார். இரண்டு தட்டு. நான் விளக்கை அணைக்கவில்லை.

மறுபடியும் தட்டுகிறார். "என்னம்மா?" என்கிறார். என் இடது கை தானாக மேலே எழுகிறது.